நொய்யல் குளக்கரை சைக்கிள் பாதை: உக்கடம் – பேரூர் – சித்திரைச்சாவடி – தொண்டாமுத்தூர் சுற்று, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவைக்கு மேற்கே குளங்கள், பழைய ஊர்கள், பாக்குத் தோப்புகள் வழியாகச் சைக்கிளில் போய்வர நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறோம். அவசரமாகப் போய் அவசரமாகத் திரும்புகிறவர்களுக்கு இந்தப் பாதை சரிப்படாது. அரை நாளை முழுசாக ஒதுக்கிவிட்டு வாருங்கள்.

ஏனுங்க, இந்த வழி எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுங்க?

உக்கடம் பெரியகுளத்தில் தொடங்கி, பெரிய வட்டமாகச் சுற்றி, காந்தி பார்க் பக்கம் முத்தண்ணன் குளத்தருகே முடிகிறது. உக்கடத்திலிருந்து செல்வபுரம் வழியாகப் பேரூர். அங்கிருந்து சிறுவாணி சாலையில் மாதம்பட்டி. கொஞ்சம் மேற்கே தள்ளி நொய்யலின் சித்திரைச்சாவடி அணைக்கட்டு. திரும்ப மாதம்பட்டிக்கு வந்து, குப்பனூர்ப் பக்கமாகத் தொண்டாமுத்தூர். பிறகு வேடப்பட்டி, வீரகேரளம் வழியாக நகரத்துக்குள் இறங்கலாம்.

உக்கடத்தில் மேம்பாலத்தில் ஏறிவிடாதீர்கள். கீழ்ச்சாலையிலேயே வந்து செல்வபுரம் பக்கம் திரும்புங்கள். பெரியகுளத்தைப் பார்க்க ஏறினால் கரையில் காலை நடை போகிறவர்கள் நிறைய இருப்பார்கள். கூட்டம் உள்ள இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை.

மொத்தம் எத்தனை கிலோமீட்டர், எத்தனை நேரம் ஆகும்?

நாற்பது கி.மீ. சொச்சம். வழியில் எத்தனை குளக்கரையில் ஏறி இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து 45 வரை போகும். நிற்காமல் மிதித்தால் மூன்று மணி நேரம் போதும். ஆனால் பேரூர்க் கோயிலில் ஒரு மணி நேரம், அணைக்கட்டில் அரை மணி, தோப்போரம் இளநீருக்கு நிற்பது எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் வெயில் உச்சிக்கு வரும் முன் வீடு சேரலாம்.

கியர் இல்லாத சாதா சைக்கிள்ல போலாமுங்களா?

தாராளமாகப் போகலாம். போகும்போது சாலை மேற்கே மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும், ஆனால் எங்கும் இறங்கித் தள்ளும்படி ஏற்றம் இல்லை. இந்த ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது, தொடைக்குத் தெரியும். பேரூர் தாண்டியபின் "ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது, பிரேக் பிடித்துக்கொண்டதோ" என்று பலர் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்ப்பார்கள். பிரேக்கில் ஒன்றும் இருக்காது, மலைப் பக்கம் போகிறோம், அவ்வளவுதான்.

சைக்கிளைவிடச் சீட்டின் உயரம் முக்கியம். சீட்டில் உட்கார்ந்து, குதிங்காலைப் பெடலில் வைத்து, பெடலைக் கீழே இறக்கினால் கால் நேராக நீள வேண்டும். அப்போதுதான் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். சீட்டு தாழ்ந்திருந்தால் இருபதாவது கிலோமீட்டரில் முட்டிக்கு முன்பக்கம் வலி எடுக்கும். வாடகைச் சைக்கிள் எடுப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

ஏன் மேற்கால போயிட்டுத்தான் கிழக்கால வரணும்? திருப்பிச் சுத்துனா என்னங்க?

காற்றுதான் காரணம். கோவை பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே இருக்கிற ஊர். ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அள்ளி வீசும். விடிகாலையில் அது அடங்கியிருக்கும். வெயில் ஏற ஏற வலுக்கும். அதனால் காற்று அடங்கிய நேரத்தில் மேற்கே ஏறிவிட்டு, வலுத்த நேரத்தில் அதை முதுகில் வாங்கிக்கொண்டு கிழக்கே இறங்க வேண்டும். ஏற்றமும் எதிர்காற்றும் ஒன்றுசேராமல் பார்த்துக்கொள்வதே இந்தச் சுற்றின் சூட்சுமம். தாமதமாக, ஒன்பது மணிக்குக் கிளம்பினவர்கள் மாதம்பட்டிக்கே மூச்சு வாங்கி நிற்பார்கள்.

வட்டத்துக்குள் திசை மாற்றி, தொண்டாமுத்தூர் வழியாகப் போய்ப் பேரூர் வழியாகத் திரும்பினாலும் மிதிப்பது ஒன்றுதான். ஆனால் பேரூர் சேரும்போது மதியம் நெருங்கி நடை சாத்தியிருக்கவும் கூடும். சிறுவாணி சாலையிலும் கோவைக் குற்றாலம், பூண்டி போகிற வண்டிகள் பெருத்திருக்கும். அந்தச் சாலையைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

எந்த மாசம் வந்தா நல்லாருக்கும்?

கார்த்திகை முதல் தை வரை. குளங்களில் தண்ணீர் நிற்கும், பறவைகள் இருக்கும், வெயில் இதமாக இருக்கும். மார்கழியில் விடியலில் குளக்கரையில் பனி இறங்குவதால் முன்விளக்கும் பின்விளக்கும் கட்டாயம். ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை பிடித்து ஆற்றில் புதுத்தண்ணீர் வரும். அணைக்கட்டைப் பார்க்க அதுதான் நேரம், காற்றை மட்டும் தாங்க வேண்டும். பங்குனி, சித்திரையில் சில குளங்கள் வெடித்துக் கிடக்கும்.

தவிர்க்க வேண்டிய நாட்கள்: ஆடிப் பெருக்கு, ஆடி அமாவாசை (பேரூர்ப் படித்துறையில் முன்னோருக்குத் திதி கொடுக்க வரும் கூட்டத்தில் சைக்கிள் நகராது), மகா சிவராத்திரி, அதையொட்டி வெள்ளியங்கிரி மலையேறும் நாட்களின் ஞாயிற்றுக்கிழமைகள். பேரூர்ப் பங்குனி உத்திரத் தேரைப் பார்ப்பதென்றால் அதற்கென்றே தனியாக வாருங்கள்.

ஒரு குளத்துக்கும் இன்னொரு குளத்துக்கும் சம்பந்தம் இருக்குதுன்னு சொல்றாங்களே, எப்படிங்க?

இதைத் தெரிந்துகொண்டு மிதித்தால் பாதையின் ருசியே வேறு. நொய்யலுக்குக் காஞ்சிமாநதி என்பது பழம்பெயர். வெள்ளியங்கிரி மலையடியில் ஓடைகள் கூடி ஆறாகி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் சேர்கிறது. மழை வந்தால் பெருகும், நின்றால் வற்றிவிடும் ஆறு இது. அந்தக் கொஞ்ச நாள் தண்ணீரைப் பிடித்து வைக்க, ஆற்றின் குறுக்கே அணைக்கட்டு, அதிலிருந்து வாய்க்கால், வாய்க்கால் நெடுகக் குளம் என்று ஏற்பாடு செய்தார்கள் முன்னோர்.

சித்திரைச்சாவடியில் பிரியும் வாய்க்கால் வேடப்பட்டிப் புதுக்குளம், கோளராம்பதி, நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம் (குமாரசாமி குளம்) என்று வரிசையாக நிரப்பிக்கொண்டு வரும். மேல்குளம் நிரம்பிக் கலிங்கு (மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி) வழிந்தால்தான் கீழ்க்குளத்துக்குத் தண்ணீர். உக்கடம் பெரியகுளம் நிரம்பினால் வாலாங்குளத்துக்குப் போகும். ஆற்றின் தென்கரையில் இதேபோல் குனியமுத்தூர், குறிச்சி அணைக்கட்டுகளுக்குத் தனி வாய்க்கால்கள் உண்டு.

திரும்பி வரும்போது நீங்கள் இறங்குவதும் அந்தத் தண்ணீர் இறங்கும் திசையில்தான். நாம் மிதிக்காமலே சைக்கிள் உருளும் அந்த மெல்லிய சரிவை நம்பித்தான் வாய்க்காலே வெட்டினார்கள். ஒவ்வொரு குளத்திலும் கலிங்கு எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். கரையின் ஒரு கோடியில், கரையைவிடத் தாழ்வாக, கல் கட்டி விட்டிருப்பார்கள். கலிங்கு அடைபட்டால் கரை உடையும். அதனால்தான் குப்பையும் கட்டடக் கழிவும் அங்கே கொட்டக்கூடாது என்று விவசாயிகள் மன்றாடுகிறார்கள்.

பேரூர்க் கோயிலுக்கு சைக்கிள் டிரஸ்லயே போலாமுங்களா?

அரைக்கால் சட்டையோடு போக வேண்டாம். ஒரு வேட்டியோ லேசான முழுக்கால் சட்டையோ மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கால் கிலோகூட வராது. சைக்கிளைச் சட்டத்தோடும் பின்சக்கரத்தோடும் சேர்த்து ஒரு கம்பியிலோ தூணிலோ பூட்டுங்கள். முன்சக்கரத்தை மட்டும் பூட்டினால், சக்கரத்தை விட்டுவிட்டு மிச்சத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

கோயில்ல என்ன பாக்கறதுங்க? அரை மணி நேரந்தான் இருக்கு.

நேராகக் கனகசபைக்குப் போங்கள். 17-ஆம் நூற்றாண்டில் அழகாத்ரி நாயக்கர் காலத்தில் எழுந்த மண்டபம். இரண்டு பக்கமும் ஆளுயரத்தைத் தாண்டிய தூண் சிற்பங்கள்: யானையை உரித்துத் தோலைப் போர்த்த மூர்த்தி, ஊர்த்துவ தாண்டவர், வீரபத்திரர்கள், காளி. ஒரு சிற்பத்தின் முன்னாவது ஐந்து நிமிடம் நில்லுங்கள். யானை உரித்தவர் சிற்பத்தில் விரல் நகம்கூடச் செதுக்கப்பட்டிருப்பது தூரத்திலிருந்து தெரியாது. பிறகு தலையை அண்ணாந்து விதானத்தைப் பாருங்கள், ஒரே கல்லில் வளையம் வளையமாகக் குடைந்த சங்கிலி தொங்கும்.

பேரூருக்கு மேலைச் சிதம்பரம் என்று பெயர். "இறவாப் பனை, பிறவாப் புளி" என்று ஊரில் சொல்லும் இரண்டு மரங்களையும் கேட்டுப் பாருங்கள். பனைக்குச் சாவு இல்லை, புளியின் விதைக்கு முளைப்பு இல்லை என்பது நம்பிக்கை. ஆனி மாதம் நாற்று நடவு உற்சவம் நடக்கும். சுந்தரர் வந்தபோது இந்தக் கோயில் சிவனான பட்டீசுவரர் அம்மையோடு வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார் என்ற கதையை ஒட்டியது. ஆற்றுப் பாசனத்தில் பிழைத்த ஊருக்குக் கடவுளும் சேற்றில் இறங்கியவராகத்தான் இருக்க முடியும்.

அந்தக் காலத்துப் பெருவழி ஒன்னு இங்க போச்சாமே?

ஆமாம், ராஜகேசரிப் பெருவழி. அதன் பெயர் சொல்லும் பாறைக் கல்வெட்டு சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் கிடைத்திருக்கிறது. மேலைக் கடற்கரைக்கும் கொங்குக்கும் நடுவே வணிகர் வண்டி போன வழி. மேலே சொன்ன காற்று வரும் அதே கணவாய்தான் வணிகர்களுக்கும் வாசல். ஆற்றின் கீழ்ப்புறம் வெள்ளலூரில் உரோமானியக் காசுப் புதையல்கள் கிடைத்ததற்கும் அந்த வழிதான் விளக்கம்.

வெள்ளலூரையும் இதே நாளில் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அது நகரத்துக்குக் கிழக்கே. நடுவில் நெரிசல் சாலை. வேறொரு காலையில் சிங்காநல்லூர் குளத்தோடு சேர்த்துப் போங்கள், தேனீசுவரர் கோயிலையும் பார்த்து வரலாம்.

தோப்புக்குள்ள போயி போட்டோ எடுக்கலாமுங்களா? திராட்சை பறிக்க விடுவாங்களா?

கேட்டுவிட்டுப் போங்கள். மாதம்பட்டி தாண்டினால் இரண்டு பக்கமும் பாக்கும் தென்னையும் வாழையும். தோட்டத்தில் யாராவது இருப்பார்கள். "அண்ணா, ஒரு நிமிஷம் உள்ள வந்து பாத்துக்கலாமுங்களா?" என்று வெளியிலிருந்தே குரல் கொடுத்தால் யாரும் வேண்டாம் என்பதில்லை. வேலியைத் தாண்டி இறங்குவது மட்டும் ஆகாது. யானை, பன்றிக்காக மின்வேலி போட்டிருப்பார்கள். கம்பியைத் தொடாதீர்கள், சைக்கிளை அதில் சாய்க்காதீர்கள்.

இந்த வட்டாரத்தில் பன்னீர் திராட்சை போடுவார்கள். கல்தூண் நட்டு, கம்பி வலை பின்னி, தலைக்கு மேலே பந்தல். கவாத்து செய்ததிலிருந்து (கொடியின் கிளைகளை வெட்டிவிட்டதிலிருந்து) ஏறத்தாழ நான்கு மாதத்தில் அறுப்பு. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுவதால் ஒரு பந்தல் மொட்டையாக நிற்கும்போது பக்கத்துப் பந்தலில் கொத்துத் தொங்கும். மருந்து அடித்த நாளில் பறித்து வாயில் போட்டுவிடக்கூடாது, ஆகவே தானாகப் பறிக்காதீர்கள். அறுப்புக் காலத்தில் தோட்டத்திலேயே எடை போட்டுத் தருவார்கள். திராட்சையைப் பையில் அடியில் வைத்தால் வீடு சேர்வதற்குள் சாறாகிவிடும். அட்டைப் பெட்டியில் வைத்து கேரியரில் ரப்பர் கயிற்றால் கட்டுங்கள், பெட்டிக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று.

குளக்கரை மண்ணுல பஞ்சர் ஆகுமுங்களா?

இந்தப் பாதையில் நின்றுபோகிறவர்களில் பெரும்பாலோர் பஞ்சரால்தான் நிற்கிறார்கள். இரண்டு எதிரிகள்: சீமைக்கருவேல முள், நெருஞ்சி முள். கருவேலம் ஒரே குத்தாகக் குத்தும். நெருஞ்சி அப்படியில்லை, கரையோரப் புல்லில் படர்ந்து கிடக்கும். ஒருமுறை ஏறினால் டயர் முழுக்க நாலைந்து காய் ஒட்டிக்கொள்ளும். கரையில் நடுத்தடத்திலேயே ஓட்டுங்கள். சைக்கிளை நிறுத்தும்போது புல்லில் சாய்க்காதீர்கள்.

முள் ஏறியது தெரிந்தால் உடனே பிடுங்காதீர்கள். பல சமயம் முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். பஞ்சர் பார்க்க வசதியான நிழல் வரை வந்து பிடுங்குங்கள். டியூபைக் கழற்றியதும் டயரின் உட்புறம் முழுக்க ஒரு பருத்தித் துணியைச் சுற்றி இழுங்கள். மிச்ச முள் இருந்தால் நூல் சிக்கும். விரலால் தடவினால் விரல்தான் கிழியும். இதைச் செய்யாமல் புது டியூப் போட்டவர்கள் பத்தாவது நிமிடத்தில் மறுபடி நிற்பார்கள்.

ஒட்டுப் போடும்போது: ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, பளபளப்புப் போய் மங்கும்வரை நான்கைந்து நிமிடம் பொறுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் அப்போதைக்குப் பிடிக்கும். தார்ச்சாலைச் சூட்டில் பிரிந்துவிடும். தலைக்கு ஒரு மாற்று டியூப், இரண்டு டயர் லீவர், ஒட்டுப் பெட்டி, கைப்பம்பு. இதற்குக் குறைந்து வர வேண்டாம்.

காத்து எவ்வளவு அடிக்கணும்?

எழுபது கிலோ ஆளுக்கு, 700×35 அல்லது 38 டயரென்றால் 50 முதல் 55 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு). அகன்ற 26 அங்குல டயரென்றால் 35 முதல் 40. பின்சக்கரத்துக்கு இரண்டு மூன்று கூடுதலாக வைக்கலாம். தார்ச்சாலைக்காக இறுக அடித்தால் கரை மண்ணில் குதிக்கும். ரொம்பக் குறைத்தால் கல்லில் இடித்து டியூப் ரிம்மில் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்.

உங்கள் சைக்கிளில் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால், பித்தளை அடாப்டர் ஒன்று கொண்டுவாருங்கள். கிராமத்துக் கடைப் பம்பில் அது இல்லாமல் காற்று ஏறாது.

சாப்பாடு, தண்ணி?

பேரூர், மாதம்பட்டி, தொண்டாமுத்தூர் மூன்றிலும் டிபன் கடை உண்டு. தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீரோடு கிளம்புங்கள். வழியில் எளநிக்கு நிற்கிறவர்கள் அதை மட்டும் நம்பாமல், ஒரு சிட்டிகை உப்போடு ஏதாவது சாப்பிடுங்கள். வியர்வையில் போகும் உப்புக்கு எளநி மட்டும் போதாது, கெண்டைக்கால் இழுக்கும்.

குழந்தைங்க, வயசானவங்க வந்தா?

உக்கடம் பெரியகுளத்திலிருந்து பேரூர் வரை போய்த் திரும்புங்கள், மொத்தம் 12 முதல் 14 கி.மீ. ஆகும். திரும்பி வருவதற்குள் ஒன்பது மணி ஆகாமல் பார்த்துக்கொண்டால் போதும். செல்வபுரம் சாலையில் பஸ் போக்குவரத்து இருப்பதால் குழந்தைகளை நடுவில் விட்டு, பெரியவர் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் வாருங்கள்.

நாய் துரத்துனா?

வேகத்தைக் கூட்டாதீர்கள். துரத்தும் நாய்க்கு ஓடும் சக்கரம்தான் குறி. நிறுத்தி இறங்கி, உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் சைக்கிளை வைத்துக்கொண்டு நடங்கள். "ஏய், போ!" என்று ஒரு அதட்டு. பெரும்பாலும் அதன் எல்லை தாண்டியதும் நின்றுவிடும். கடித்துவிட்டால் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

சித்திரைச்சாவடி அணையில குளிக்கலாமுங்களா?

மழைக்காலத்தில் இறங்கவே கூடாது. மேலே மலையில் மழை பெய்தால், இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் மட்டம் ஏறும். தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமானால் அது மேலே வெள்ளம் கிளம்பியதன் அடையாளம், கரைக்கு வந்துவிடுங்கள். அணைக்கட்டின் மேல் தண்ணீர் வழியும்போது அதன்மீது நடப்பதும் சைக்கிளைத் தள்ளுவதும் ஆபத்து. கல்லில் பாசி பிடித்திருக்கும், பாதம் நிற்காது. கரையில் நின்று, வாய்க்கால் பிரியும் இடத்தைப் பாருங்கள். மேலே சொன்ன குளவரிசை முழுவதும் அந்த ஒரு வாயிலிருந்துதான் பிழைக்கிறது.

சில குளம் நாத்தம் அடிக்குது, தண்ணியே தெரியாம பச்சையா கிடக்குது. எதுக்குங்க?

நகரத்துச் சாக்கடை கலப்பதால். கழிவில் உள்ள சத்தைத் தின்று ஆகாயத்தாமரை பெருகி, தண்ணீர்ப் பரப்பை மூடிவிடும். வெளிச்சமும் காற்றும் உள்ளே போகாமல் மீன் செத்து நாற்றம் எடுக்கும். மேற்கே போகப் போக இது குறையும். ஆகவே பறவை பார்க்க நினைப்பவர்கள் நகரத்துக்கு வெளியே உள்ள குளங்களில் நேரம் செலவிடுங்கள். ஆனால் மூடிய குளம் உயிரில்லாத குளம் என்று நினைக்க வேண்டாம். அந்தத் தாமரை இலைமேல் நீலத் தாழைக்கோழி நீண்ட விரலை விரித்து நடந்துபோவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். திறந்த தண்ணீரில் முக்குளிப்பானும் நீர்க்காகமும், தண்ணீர் வற்றும் நாட்களில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் இருக்கும்.

யானை வருமுங்களா?

வரும். மலையடிவாரம் போளுவாம்பட்டி வனச்சரகத்தை ஒட்டியது. வாழை, பலா, தென்னங்குருத்துக்காக இரவில் தோட்டங்களுக்குள் இறங்கி விடியும்முன் காட்டுக்குத் திரும்பும். ஆலாந்துறைக்கு மேலே, நரசீபுரம், செம்மேடு பக்கம் இது அதிகம். இங்கே சொல்லும் சுற்று அதற்கு முன்பே திரும்பிவிடுகிறது. நீட்டிக்க நினைப்பவர்கள் நன்றாக விடிந்தபின் போய், நாலு மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

சாலையில் புதுச் சாணம், முறிந்த வாழை, ஊரார் கூட்டமாக நின்று ஒரு பக்கம் பார்ப்பது, இதில் எது கண்ணில் பட்டாலும் நில்லுங்கள். ஊர்க்காரர்களைக் கேட்காமல் ஒரு அடி முன்னே போகாதீர்கள். யானையே தெரிந்தால் மணி அடிக்க வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். சத்தமில்லாமல் சைக்கிளைத் திருப்பி, வந்த வழியே போங்கள். கரும்புக் கட்டோ பலாப்பழமோ கேரியரில் வைத்துக்கொண்டு அந்தி நேரத்தில் அந்தப் பக்கம் போவது தெரிந்தே அழைப்பு வைப்பதாகும்.

பாதியில சைக்கிள் உடைஞ்சு போனா எப்படித் திரும்பறது?

டவுன் பஸ்ஸில் சைக்கிளை ஏற்ற மாட்டார்கள். மாதம்பட்டியிலோ தொண்டாமுத்தூரிலோ காய்கறி லோடு ஏற்றும் குட்டியானை வண்டிகள் நிற்கும். மதியத்துக்கு மேல் காலியாக நகரத்துப் பக்கம் போகிறதா என்று கேட்டுப் பாருங்கள். செயின் அறுந்ததென்றால் அதற்கும் முன்னால் ஒரு வழி இருக்கிறது. தொண்டாமுத்தூரிலிருந்து கிழக்கே சரிவுதான். மேற்குக் காற்றும் இருக்கிற நாளென்றால், காலால் தள்ளித் தள்ளியே வேடப்பட்டிப் பக்கம் வந்துவிடலாம். பிரேக் இரண்டும் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு மட்டும் உருட்டுங்கள்.